பேர் வெட்டாதவள்

சுவரைச் சுட்டால் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி ‘லோ’ என்றது. கரும்பலகையைச் சுட்டால் ‘லோ’. மேசை, கதவு, உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னலில் ஆணியடித்திருந்த அரிசிப் பை, எல்லாமே ‘லோ’. உயிரில்லாத சாமானுக்குக் காய்ச்சல் ஏது? பிரியந்தி சும்மா ஒரு விளையாட்டுக்கு பிள்ளைகள் உட்காரும் ஜன்னலோரக் கடைசி வாங்கை நோக்கிக் குறி வைத்து விசையை அழுத்தினாள். பீப் என்றது. சின்னத் திரை சிவந்தது. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு.

மறுபடி அழுத்தினாள். முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

வாங்கில் யாருமில்லை. குளோரின் நாற்றத்துக்கு அடியிலிருந்து கோடாலித் தைல வாசம் மட்டும் மெல்லக் கிளம்பி வந்தது.

“வலயக் கல்வி ஒப்பீஸ்காரன் குடுத்த சாமான். வேற எப்படி இருக்கும்?” என்று வாய்விட்டுச் சொல்லி அதை மேசையில் போட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழன் பள்ளிக்கூடம் திறப்பு. இருநூறு பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளை முதலில் திறப்பதென்று கொழும்பில் யாரோ குளிரூட்டிய அறையில் முடிவெடுத்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ஸூமில் படித்தன. பொகவந்தலாவைக்கு மேலே இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏறி, அட்டைக்கடியோடு இறங்கி வந்தன. கைகழுவும் முறையை ஏழு படங்களாக வரைந்த வர்ணப் போஸ்டர் வந்துவிட்டது. குழாயில்தான் தண்ணீர் வரவில்லை. ஒரு மீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் வட்டம் போடச் சொல்லிச் சுற்றுநிருபம் வந்தது. இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு அந்த அளவில் வட்டம் போட்டால் பாதி வட்டம் தேயிலை மலையில்தான் விழும்.

“சின்னதாப் போடுடி. கொரோனாவுக்கு என்ன மீட்டர் கணக்கா தெரியும்?” என்று பக்கத்து வகுப்பு மெரினா டீச்சர் தூரிகையைப் பிடுங்கி, தோசை அளவில் வட்டங்களைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

காவலாளி சோலைமலை வாசற்படிக்கு வெளியே நின்று குளோரின் தண்ணீரை உள்ளே வீசிக்கொண்டிருந்தான். கோயிலில் தீர்த்தம் தெளிக்கிற தூரம்.

“உள்ள வாங்கண்ணே. அந்தக் கடைசி வாங்கத் தூக்கி வெளிய போடணும்.”

“இருக்கட்டும் டீச்சர். இங்கேருந்தே அடிக்கிறேன்.”

“ஏன், கொரோனா கடிச்சிருமா?”

“கொரோனாவுக்கு நா எதுக்குப் பயப்படுறேன்? ரெண்டு ஊசியும் போட்டாச்சு.” அவன் வாளியைக் கீழே வைத்தான். “அது காளியாயி வாங்கு.”

அவளுக்குத் தெரியும். ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் அவளுடைய தரம் ஐந்து வகுப்பறைதான் தோட்டத்தின் தனிமைப்படுத்தல் நிலையம். பதினொரு பேரை இந்த வாங்குகளில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பத்துப் பேர் வீடு திரும்பினார்கள். காளியாயி ஆம்புலன்ஸில் போகும் வழியில் இறந்ததாகக் காகிதம் சொன்னது.

“வழியில எங்க டீச்சர் செத்துச்சு?” என்றான் சோலைமலை. “தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கு ஐயா உள்ள வரமாட்டாரு. காலையில ஆறு மணிக்கு அந்தா, அந்த சவுக்கு மரத்தடியில நின்னுக்கிட்டு பேரு கூப்புடுவாரு. வேலைக்குப் போகையில பெரட்டுக்களத்துல கூப்புடுற மாதிரியே. உள்ளருந்து ‘இருக்கேங்க’ன்னு சத்தம் வரணும். வந்தா சரி போட்டுட்டுப் போயிருவாரு. அம்புட்டுத்தான் வைத்தியம்.”

“அப்புறம்?”

“அன்னைக்கும் கூப்பிட்டாரு. காளியாயி இருக்கேங்கன்னுச்சு. நா இந்தக் காதால கேட்டேன். பத்து மணிக்கு டொக்டர் வந்து தொட்டுப் பாத்துட்டு, ராத்திரியே உசிரு போயிருச்சுன்னாரு.”

“பக்கத்துல படுத்திருந்தவங்க யாராச்சும் சொல்லியிருப்பாங்க.”

“சொல்லியிருக்கலாம்.” அவன் வாளியை எடுத்துக்கொண்டான். “ஆனா, பேரு வெட்டலையே டீச்சர். பேரு வெட்டாத ஆளு பெரட்டுக்கு வந்துதானே ஆகணும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் படியேறவில்லை.

அலுமாரியிலிருந்து வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அவன் சொன்னது புரிந்தது. அவசரத்துக்கு வேறு கொப்பி கிடைக்காத கண்டாக்கு, அவளுடைய பதிவேட்டையே எடுத்து எழுதியிருந்தார். இருபத்து மூன்று பிள்ளைகளின் பேருக்குக் கீழே பதினொரு பெரியவர்களின் பேர். தோட்டத்தில் ஆள் வேலையை விட்டு நின்றாலும் செத்தாலும் செக்ரோல் கணக்குப் புத்தகத்தில் பேரைச் சிவப்பால் வெட்டுவார்கள். அதே வழக்கப்படி வீடு திரும்பிய பத்துப் பேருடைய பேரும் வெட்டப்பட்டிருந்தன. முதல் பேர் வெட்டப்படவில்லை. இருபத்து நாலு, காளியாயி. செப்டெம்பர் பதினாலு வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சரி.

பதிவேட்டோடு அதிபரிடம் போனாள்.

அதிபர் றோலண்ட் ஹட்டன் டவுன்காரர். மழையிலும் டை கட்டுவார். மேசையில் மூன்று பிரதிகளில் படிவம் தயாராக இருந்தது. ‘இவ்வறையில் கடந்த தொண்ணூறு நாட்களுள் எவரேனும் மரணித்துள்ளனரா?’ என்ற கேள்விக்கு எதிரே அவளுடைய கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது.

“இல்லைன்னு எழுதி சைன் வைங்க டீச்சர்.”

“காளியாயி அங்கதானே சேர் செத்தாங்க?”

“நீங்க பாத்தீங்களா?”

“சோலைமலை பாத்தாரு.”

“சோலைமலை பேயையும் பாப்பான், பிசாசையும் பாப்பான். சாயந்தரம் ஆனா ரெண்டு ரெண்டா பாப்பான்.” தன் பகிடிக்குத் தானே சிரித்தார். “வியாழக்கிழமை வலயத்துலருந்து கமராவோட வர்றாங்க. டிகிரி முடிச்ச ஆளு, உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா?”

“அப்ப இந்தப் பேரையாவது வெட்டிவிடுறேன்.”

“ஐயையோ, வெட்டிராதீங்க! ஏன் வெட்டுனன்னு கேப்பான். செத்துச்சுன்னா தேதி எழுதணும், இடம் எழுதணும். இடம் எது? உங்க கிளாஸ்.”

“பக்கத்தக் கிழிச்சிடவா?”

“இலக்கம் போட்ட பக்கம் டீச்சர். கிழிச்சா குத்தம். அப்படியே கெடக்கட்டும். பேருதானே? அது யாரை என்ன பண்ணப்போகுது?” பேனாவை நீட்டினார். “உங்கள நிரந்தரமாக்குற கடிதமும் என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

வாயில் வந்த வார்த்தையை அவள் மாஸ்க்குக்குள்ளேயே மென்று விழுங்கினாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் சமூக நீதி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய கை, ‘இல்லை’ என்ற மூன்றெழுத்தை மூன்று பிரதியில் எழுதியது. இந்த டைகட்டியை விடத் தன்னைத்தான் அதிகம் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

வீட்டில், தோட்டத்து லய வரிசையின் ஆறாவது காம்பராவில், அம்மாவுக்கு இழுப்பு தொடங்கியிருந்தது. அம்மாக்கண்ணுவின் இழுப்புக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. முதலில் கேத்தல் கொதிக்குமுன் வருகிற மெல்லிய விசில், பிறகு இரண்டு சின்ன விக்கல். இருபத்தேழு வருடமாக அதைக் கேட்டே தூங்கியவள் பிரியந்தி. அந்த அறையை இன்று தன் கையால் கூட்டித் துடைத்தோம், அந்தத் தூசு தன் சேலையில்தான் வந்திருக்கிறது என்று நினைத்தாள். கதவுக்கு வெளியிலேயே குளித்தாள். பச்சைத் தண்ணீர் எலும்பைக் கடித்தது.

“பாப்பா,” அம்மா மூச்சுப் பம்பை இழுத்து முடித்துவிட்டுக் கேட்டாள், “காளியாயி பேர வெட்டிட்டாங்களா?”

“அது எதுக்கும்மா ஒனக்கு?”

“முப்பது வருசம் எனக்குப் பக்கத்து நெரையில கொழுந்து எடுத்தவ. மூஞ்சியக்கூட காட்டாம பெட்டிய மூடிட்டானுங்க. விடியக் காலம்பற வந்து கதவத் தட்டி என்னையக் கூட்டிக்கிட்டுத்தான் பெரட்டுக்குப் போவா. ஒருநாளும் தனியாப் போகமாட்டா, பயந்தாங்கொள்ளி.” விசில். விக்கல். விக்கல். “ரெண்டு நாளா யாரோ கதவத் தட்டுற மாதிரியே இருக்கு.”

“காத்தும்மா.”

“பேர வெட்டிட்டாங்கதானே?”

“வெட்டிட்டாங்க.”

ஒரே நாளில் இரண்டாவது பொய். இது முதலாவதை விடச் சுலபமாக வந்தது.

புதன்கிழமை அம்மாவுக்கு உடம்பு சுட்டது. துப்பாக்கியைக் கொண்டுவந்து பார்த்திருக்கலாம். அது வாங்குக்கே காய்ச்சல் சொல்கிற சாமான் என்று பிரியந்தி கொண்டுவரவில்லை. வியாழன் காலை இழுப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. “நீ போ பாப்பா. மொத நாளே லீவு போட்டா அந்த டைக்காரன் ஒன்னைய எழுதிருவான்” என்று அம்மாதான் துரத்தினாள்.

அன்று பனிமூட்டம் ஜன்னல் வரை வந்து உட்கார்ந்திருந்தது. காலை எட்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய வெளிச்சம், ஆனால் விளக்கில்லை. இருபத்து மூன்று பிள்ளைகள் அப்பன் ஆத்தாளின் பெரிய மாஸ்க்குக்குள் முகம் புதைந்து, கண்களை மட்டும் வெளியில் வைத்து, தோசை வட்டங்களுக்குள் நின்றார்கள். ஒன்றரை வருடம் பார்க்காத பிள்ளைகள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, கிள்ளவில்லை, பென்சில் கேட்டு அழவில்லை. ஈரக் கொழுந்தின் பச்சை வாசம். வெற்றிலை. கோடாலித் தைலம்.

பதிவேட்டைத் திறந்தாள். பேர் கூப்பிட்டாள்.

“சுஜீவன்.”

“வந்திருக்கேன் டீச்சர்.”

“பூரணி.”

“வந்திருக்கேன் டீச்சர்.”

இருபத்து மூன்று முறை. கடைசிப் பிள்ளைக்குச் சரி போட்டு நிமிரும்போது கண் தானாகக் கீழ் வரிக்கு நழுவியது. செப்டெம்பர் பதினாலோடு நின்றிருந்த சரிகள் இப்போது நிற்கவில்லை. பதினைந்து. பதினாறு. பள்ளிக்கூடம் பூட்டியிருந்த ஒவ்வொரு நாளும். ஞாயிறும். பௌர்ணமிப் போயா விடுமுறையும். நேற்றும். இன்றைய கட்டத்தில் மை இன்னும் பளபளத்தது.

அவள் கூப்பிடவில்லை. சத்தியமாகக் கூப்பிடவில்லை.

“இருக்கேங்க.”

கடைசி வாங்கிலிருந்து. வெற்றிலை மென்ற, வயதான பெண் குரல்.

ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் இப்படி இருக்க மாட்டார்கள். பின்னால் ஒரு பல்லி கத்தினாலே வகுப்பு மொத்தமும் திரும்பும்.

அப்போதுதான் அதிபர் வலயத்து அதிகாரியோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் கமரா. பனியிலும் டை நேராக இருந்தது. அதிகாரி விரலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணினார். வாய் முணுமுணுத்தது. விரல் கடைசி வாங்கு வரை போய், அங்கே ஒரு தடவை நின்று, தலையசைத்துக்கொண்டு திரும்பியது.

“விசிஹதரயி நேத?”

சிங்களத்தில் கேட்டது: இருபத்து நாலுதானே?

இருபத்து மூன்று என்பது றோலண்ட் சேருக்குத் தெரியும். அவர் கடைசி வாங்கைப் பார்த்தார். கழுத்து டைக்குள் ஒரு அங்குலம் இறங்கியது. அதிகாரி சொன்னதற்கு மறுப்புச் சொல்லிப் பழகாத கழுத்து.

“ஓவ் சேர். விசிஹதரயி.”

கமரா மின்னியது. மின்னிய வெளிச்சத்தில் கடைசி மஞ்சள் வட்டத்துக்குள் ஈரமாக இரண்டு காலடி. அகன்ற, விரல் பிரிந்த, மலையேறிய பாதம். குதிகாலிலிருந்து அட்டை கடித்த இரத்தம் நூலாக வட்டத்தைத் தாண்டி ஓடியது. மேலே ஒன்றுமில்லை.

“ஹரி. போம ஹொந்தயி.” சரி, ரொம்ப நல்லது என்று அதிகாரி சந்தோஷப்பட்டார். போய்விட்டார்கள்.

சிவப்புப் பேனா. பேனா எங்கே? வெட்ட வேண்டும். இப்போதே. தேதி போட்டு, இடம் போட்டு. படிவமாவது மண்ணாங்கட்டியாவது. பேனா கிடைத்தது. காளியாயி பேரின் மேல் வைத்து இழுத்தாள். கோடு விழவில்லை. மறுபடி இழுத்தாள். தாள் கிழிந்தது, பேர் கிழியவில்லை.

அதற்குக் கீழே, வெட்டிய பத்துப் பேரில் முதல் பேர் இருந்த இடத்தில் அது இல்லை. வேறு ஒன்று இருந்தது. கண்டாக்கின் அதே சாய்ந்த கையெழுத்து.

இருபத்தைந்து.

அவள் வாசிக்கக் கூடாது என்று நினைத்தாள். உதடு கேட்கவில்லை. கண்ணில் பட்ட பேரைக் கூப்பிட்டே பழகிய உதடு.

“அம்மாக்கண்ணு.”

ஜன்னலில் அரிசிப் பை ஒரு தடவை காற்றில் உள்வாங்கியது.

பிறகு கடைசி வாங்கிலிருந்து கேத்தல் விசில். ஒரு விக்கல். இன்னொரு விக்கல்.

“இருக்கேன் பாப்பா.”

இருபத்து மூன்று பிள்ளைகளும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்காமல், வட்டத்தை விட்டு ஒரு எட்டு நகர்ந்து இடம் விட்டார்கள்.