ஜெனிட்டா எடுத்துப்போகாத சாப்பாடு

ஆழிநாள் காலையில் நாட்டில் எந்தப் பேருந்திலும் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். அங்கே ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கும். உள்ளே எலுமிச்சைச் சோறு. நடத்துநர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்து மூடியின்மேல் வைப்பார். நின்றுகொண்டு வருகிற முதியவர்கள்கூட அந்த இடத்தைக் கேட்பதில்லை.

திரேஸ்புரம் போகும் பேருந்தில் பிலோமினா காலியான மீன்கூடையை இடுப்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். டப்பாவைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் காதைத் திருப்ப முடியவில்லை.

"எம்மா, அது யாருக்குச் சோறு?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"ஜெனிட்டா அக்காவுக்கு. அவிய அம்மா ஆசையாக் கட்டிக்குடுத்த சோத்த வாங்கிட்டு, சிரிச்சுக்கிட்டே ரயில் ஏறப் போனாவ. ரயிலு கடலுக்குள்ள முங்கிட்டு."

"சாப்பிட்டாவளா?"

அந்த அம்மா சிறுமியை இழுத்து அணைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேருந்தில் இன்னும் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

"எடுக்கல" என்றாள் பிலோமினா. யாருக்கும் கேட்கவில்லை. ஜெனிட்டாவைப் பெற்றவள் இங்கே மீன்கூடையோடு நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடிய கடலடி ரயில் மூழ்குவதற்கு முன்பு, இந்த நாட்டில் எந்தத் துயரமும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சுவரொட்டி ஒட்டுவார்கள். ஒரு மழை வந்து சுவரொட்டி கிழிந்ததும் மறந்துவிடுவார்கள். இந்த முறை மறக்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அப்படித்தான் நினைவேந்தி வந்தது.

அது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை. இறந்துபோன ஒவ்வொருவரையும் நன்றாக அறிந்த ஒருவர், இறந்தவரைப் பற்றிய தன் கடைசி நினைவைக் கொடுத்தார். அவருக்கு ஊற்றாளர் என்று பெயர். அந்த நினைவைச் சுமக்க நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் ஒதுக்கப்பட்டார்கள். அவர்கள் ஏந்தாளர்கள். வருடந்தோறும் ரயில் மூழ்கிய தேதியில், ஆழிநாளன்று, சங்கு ஊதியதும் நாடே பட்டையை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடும். பஞ்சர் கடைக்காரரும் பள்ளிக்கூட டீச்சரும் தாங்கள் பார்த்தேயிராத ஒருவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்ப்பார்கள், வழியனுப்புவார்கள், அழுவார்கள். அழுகையில் பொய் கிடையாது. ஜெனிட்டாவின் சோறு மட்டும் அவளை ஏந்தாதவர்களிடமும் பரவி, மூழ்கிய எல்லோருக்குமான படையலாகிவிட்டது.

நினைவேந்தியைச் செய்தவர்கள் ஒன்றை மட்டும் பெரிதாக நினைக்கவில்லை. நினைவு கல்வெட்டு இல்லை. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது ஈரமண் போல இளகும், பார்த்து முடித்ததும் மறுபடி இறுகும். ஒரே ஆள் பார்த்தாலே லேசாக விரல் பதியும். இங்கே பல்லாயிரம் விரல்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினா கூடையை இறக்கிவிட்டு அலமாரியைத் திறந்தாள். பழைய துணிகளுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியைத் திறந்து, உள்விளிம்பில் இருந்த ரப்பர் வளையத்தை மூக்கருகே கொண்டுபோனாள். சாளைமீன் குழம்பின் வாடை இன்னும் மெலிதாக இருந்தது.

"அவ கொண்டுபோவல" என்று சத்தமாகச் சொன்னாள். தினமும் காலையில் அவள் செய்கிற ஜெபம் இதுதான்.

அன்று ஜெனிட்டாவுக்குக் கொழும்பில் வேலைக்கு முதல் நாள். நீலச் சுடிதார் போட்டிருந்தாள். பிலோமினா இட்லியும் முந்தின நாள் சாளைக் குழம்பும் வைத்து டப்பாவை மூடப் போனாள்.

"எம்மா, எடுத்து உள்ள வையி. ரயில் பூரா நாறும்."

"ஏட்டி, என்னட்டி நாத்தம்? இத வித்துத்தான் ஒன்னயப் படிக்க வச்சேன்."

"அதாம்மா. நான் எங்க போய் உக்காந்தாலும் அந்த வாடை எனக்கு முன்னால போய் உக்காந்துருது."

டப்பாவைக் கையால் தள்ளிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

பிலோமினா முதல் வருடம் அதைத்தான் கொடுத்தாள். இரண்டாம் வருடம் நினைவுக்குள் ஜெனிட்டா வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள். அடுத்த வருடம் திரும்பிப் பார்த்தாள். பிலோமினா அன்று சந்தோஷத்தில் கதறினாள். இத்தனை நாளும் தான்தான் சரியாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வருடம் டப்பாவில் எலுமிச்சைச் சோறு இருந்தது. ஜெனிட்டா அதை வாங்கிக்கொண்டாள், அம்மாவின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். பட்டையைக் கழற்றிய பிறகும் அந்த ஈரம் கன்னத்தில் இருந்தது. அந்தச் சிரிப்போடுதான் அலமாரியைத் திறந்தாள். டப்பா உள்ளே இருந்தது.

அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அவர்கள் தன் மகளை எடுத்துக்கொண்டு வேறு யாரோ ஒரு நல்ல பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள். மீன் வாடையைப் பழித்த வாய்தான் ஜெனிட்டாவின் வாய். அந்த வாய் போய்விட்டால் ஜெனிட்டா போய்விட்டாள்.

நினைவேந்தியை நடத்தும் நினைவகத்துக்குப் போய், இந்த வருடம் தான் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அங்கிருந்த பெண் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னாள். "ஊற்றாளர் உள்ள இருந்தாத்தாம்மா நினைவு இளகும். இந்த வருசம் நீங்க வரலன்னா, இப்ப இருக்கிறது அப்படியே இறுகிரும். அப்புறம் யாராலயும் திருத்த முடியாது."

உள்ளே போனால் தன்னிடம் மிச்சமிருப்பதும் கரைந்துவிடலாம். போகாவிட்டால் அந்தப் பொய்யே நாட்டுக்கு உண்மையாகிவிடும்.

"அக்கா, வந்துட்டியளா?" பக்கத்து வீட்டுக் கனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒங்க கோபிக்காரர் வந்துட்டாரு. பஸ்ஸ விட்டு எறங்குனதும் என்கிட்டதான் வழி கேட்டாரு. வருசா வருசம் வாரவரு, இன்னும் வழி தெரியல. பஞ்சர் கடையில எந்த டயருக்கு எந்த ஓட்டைன்னு எப்படித்தான் கண்டுபிடிக்காரோ!"

"ஏனுங்க, தெருவெல்லாம் ஒரே மாதிரி இருந்தா நான் என்னங்க பண்ணட்டும்?" என்றபடி நாச்சிமுத்து உள்ளே வந்தார். ஜெனிட்டாவின் ஏந்தாளர்களில் ஒருவர். கோபியில், சத்தியமங்கலம் சாலையில் பஞ்சர் கடை. ஒவ்வொரு ஆழிநாளுக்கும் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"கும்புடறனுங்கம்மா. புள்ளைக்குக் கொண்டாந்திருக்கறனுங்க."

பிலோமினா அவர் கையிலிருந்ததை வாங்கவில்லை. தன் டப்பாவை அவர்முன் வைத்தாள்.

"மோந்து பாருங்க."

அவர் குழப்பத்தோடு மூடியை முகர்ந்தார். "மீன் வாசமுங்க. ரப்பரு லேசுல விடாதுங்களே."

"இதாம்யா அவ டப்பா. எலுமிச்சைச் சோறு இல்ல. மீன் குழம்பு. நாறுதுன்னு தள்ளிவிட்டுட்டுப் போனா. சிரிக்கவும் இல்ல, முத்தம் குடுக்கவும் இல்ல."

"நான் கண்ணால பாத்தனுங்களேம்மா..."

"மொத வருசம் என்ன பாத்திய? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நாச்சிமுத்து கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "கெனா மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. புள்ள வெறுங்கையோட போற மாதிரி. அன்னைக்கு எனக்கு நெஞ்சே ஆறலீங்க. ஐயோ கண்ணு, எடுத்துக்க, போற வழியில பசிக்குமேன்னு மனசுக்குள்ளயே கெஞ்சுனனுங்க. வருசா வருசம் கெஞ்சுனனுங்க. ஒரு வருசம் எடுத்துக்கிச்சு. சாமி நம்ம வேண்டுதலக் கேட்டுருச்சுன்னு கோயிலுக்குப் போயி மொட்டை போட்டனுங்க." டப்பாவை மெல்ல மூடினார். "எல்லாரும் அப்படித்தானுங்களே கெஞ்சியிருப்பாங்க?"

பிலோமினாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன் பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேர் கெஞ்சியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது?

"இன்னைக்கு நான் உள்ள போவேன். டப்பாவ மடியிலயே வச்சிருப்பேன். அவ எடுக்கலன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன். நீங்களும் அதையே நினைப்பியளா?"

"நெனைக்கறனுங்கம்மா. சத்தியமா."

கனியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கிடாதிய. அது நல்லாத்தான இருக்கு? அந்த முத்தம்? வச்சுக்கிட்டா என்ன?"

"அது ஒன் மவளா இருந்தா வச்சுக்கிடுவியாட்டி?"

கனியம்மாள் தன் பட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

சங்கு ஊதியது. தெரு முழுக்க மனிதர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். பிலோமினா டப்பாவை மடியில் வைத்து, கட்டைவிரலை ரப்பர் வளையத்தில் அழுத்தியபடி கண்ணை மூடினாள்.

சமையலறை. நீலச் சுடிதார். ஈரத்தலையைத் துவட்டியபடி ஜெனிட்டா வந்தாள். அவளைப் பார்த்ததுமே எதையும் நினைக்க முடியவில்லை. இது சாளைக் குழம்பு, இது சாளைக் குழம்பு என்று பிலோமினா தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நொடி அந்த வாடை எழுந்தது. ஜெனிட்டாவின் மூக்கு சுருங்கியது. அந்தப் பழைய எரிச்சல்! பிலோமினாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'திட்டுட்டி. திட்டிட்டுப் போ.'

ஜெனிட்டா வாயைத் திறந்தாள்.

அப்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்தக் கெஞ்சல் வந்தது. மலையிலிருந்தும் மில்லிலிருந்தும் ஓடுகிற பேருந்துகளிலிருந்தும். எடுத்துக்க கண்ணு. எடுத்துக்கோம்மா. பசிக்கும்ல. அதில் நாச்சிமுத்துவின் குரலும் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவராலும் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு குரல் இருந்தது. மற்ற எதையும்விட அதுதான் உரக்கக் கெஞ்சியது. பிலோமினா அதை அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுடைய குரல்தான்.

ஜெனிட்டா சிரித்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

இரண்டாம் சங்கு ஊதியபோது தெருவே அழுதுகொண்டிருந்தது. நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"டப்பாவ வாங்கிட்டு என்ன சிரிப்புச் சிரிச்சுதுங்க அந்தப் புள்ள!"

"என் சோறுன்னா அவளுக்கு உசுருய்யா" என்றாள் பிலோமினா. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருடங்களில் முதல்முறையாக அவள் முகத்தில் பயம் இல்லை.

கனியம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள். அவள் ஏந்தியது வேறொருவரின் நினைவு. "அக்கா, மடியில இருக்க டப்பா யாருது?"

பிலோமினா குனிந்து பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் எதையோ விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலியே. ஒங்க வீட்டுதா?"

"எங்க வீட்டுது இல்ல. நீங்கதான..." கனியம்மாள் அந்த அமைதியான முகத்தைப் பார்த்தாள். மேலே சொல்ல மனம் வரவில்லை. "யாரோ விட்டுட்டுப் போயிருப்பாவ போல."

பிலோமினா மூடியை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். "ச்சே, என்ன மீன் வாடை! எலுமிச்சைச் சோத்த இதுல வைக்க முடியாதே. டப்பா என்னமோ நல்லாத்தான் இருக்கு."

"ரப்பருலதானுங்க வாசம் நிக்கும்" என்றார் நாச்சிமுத்து. "டியூப் துண்டு எப்பவும் பையில வச்சிருப்பனுங்க. புதுசா ஒண்ணு வெட்டிப் போட்டர்றேன்."

பழைய வளையத்தைப் பிடுங்கி வாசலில் போட்டார். பிலோமினா புளி போட்டு டப்பாவைத் தேய்த்தாள், பளபளவென்று ஆகும்வரை தேய்த்தாள். எலுமிச்சைச் சோற்றை மாற்றி வைத்தாள். அதைப் பேருந்து இருக்கையில் வைக்க மூவரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கனியம்மாள் மட்டும் கடைசியில் வந்தாள்.

வாசலில் கிடந்த வளையத்தைத் தெருப்பூனை ஒன்று முகர்ந்து பார்த்தது. பிறகு அதை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு நக்கத் தொடங்கியது.