கரையகத்தில் எல்லாம் பொது

கரையகத்து வாசலில் நின்றிருந்த கிழவரைச் சங்கமித்ரா அதற்கு முன் பார்த்ததே இல்லை. சிவந்த மேனி, தோளில் புரளும் வெள்ளை முடி, துவைத்துத் துவைத்து நைந்துபோன கதர் ஜிப்பா. ஏதோ பேங்கில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் மாதிரி இருந்தார். அவளைக் கண்டதும் மூக்கைப் புறங்கையால் ஒரு தேய் தேய்த்துக்கொண்டு, "இன்னாக்கா, இவ்ளோ லேட்டு? பஸ்ஸு கெடைக்கலியா?" என்றார்.

அந்த மூக்குத் தேய்ப்பு அவள் தம்பி பாரியுடையது. அந்த 'அக்கா'வும் அவனுடையதுதான்.

அவளுக்குச் சுருக்கென்றது. தன் வியாசர்பாடிப் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரிக்கிற பெரிய மனிதர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் ஆபீசில் மானேஜரே அப்படித்தான். பாரியோடு பழகி அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டு இப்போது அவளிடமே நக்கலா?

"பெரியவரே, கிண்டல்லாம் வேணாம். பாரி எங்க கீறான்? அத்த மட்டும் சொல்லுங்க."

கிழவரின் முகம் வாடிவிட்டது. "நான்தான்க்கா, இங்க கீறேனே" என்றார். மறை கழன்ற கேஸ் என்று முடிவு செய்து, அவரைத் தாண்டி அவள் உள்ளே போனாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலை பாரிக்குக் கிடைக்க வேண்டுமென்று இரண்டு வருடமாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள் அவள். உத்தரவு கைக்கு வந்த வாரம், பாரி பெரிய துரை மாதிரி 'கொஞ்ச நாள் தனியா கடலோரமா சுத்திட்டு வரேன்' என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். எண்ணூரில் ஒரு பூத்திலிருந்து ஒரே ஒரு போன். கரையகம் என்று ஒரு இடமாம், மனசுக்கு ரொம்ப அமைதியாக இருக்கிறதாம். அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும், இன்று சனி. அம்மா சோறு தண்ணி இல்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்டுக்குப்பத்தில் அவளைப் படகில் ஏற்றி அக்கரையில் விட்ட படகுக்காரர் வெள்ளத்துரை, இறங்கும்போது ஒன்றுதான் சொன்னார். "இருட்றதுக்குள்ள கரைக்கு வந்துடும்மா. முகத்துவாரத்துல தண்ணி வேகம் ஏறிச்சின்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

கரையகம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மணலில் குந்தியிருந்த பத்துப் பதினைந்து ஓலைக் குடிசைகள்தான். பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்து பறந்து வந்த சாம்பல் சவுக்கு இலைகளிலும் கூரைகளிலும் காயப்போட்ட துணிகளிலும் மெல்லியதாகப் படிந்திருக்க, கழிமுகத்துச் சேற்று வாடையும் தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்த கார நெடியும் சமையல் கொட்டகையில் வேகும் பரங்கிக்காய் மணமும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் இறங்க, கொதிகலன்களின் இரைச்சல் ஓயாமல் காற்றோடு வந்துகொண்டிருந்தது. ஆனால் மனிதக் குரல் எதுவும் உயரவில்லை. எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

பாய் முடைந்துகொண்டிருந்த ஒருத்தியிடம் பாரியைப் பற்றிக் கேட்டாள். என்ன சட்டை போட்டிருப்பான் என்று பாய்க்காரி திருப்பிக் கேட்டாள். அவன் கிளம்பின அன்று போட்டிருந்த சட்டையை, அதன் நிறத்தை, காலரில் அம்மா போட்ட தையல் வரைக்கும் சங்கமித்ரா விளக்கினாள். பாய்க்காரி தலையாட்டிவிட்டு, கொட்டகையில் கேளுங்கள் என்றாள். இதே பாட்டைத்தான் இரண்டு வருடம் ஆபீஸ்களில் ஜன்னல் ஜன்னலாக அவள் கேட்டிருந்தாள். கொட்டகை வாசலில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். என்ன சட்டை?

பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு நிறம் வரவில்லை. பச்சையா, நீலமா? அலைச்சலில் மூளையே வேலை செய்யவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குள் அவனே கண்ணில் பட்டுவிட்டான். கொட்டகைக்குள், அரிவாள்மணைமேல் குனிந்து பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய்."

பாரி நிமிர்ந்து பார்த்தான். "வாங்க. உங்களுக்கு யாரு வேணும்? சாப்பிட்டீங்களா?"

வாங்கவாம், போங்கவாம். அவள் விட்ட அறையில் அரிவாள்மணை சாய்ந்தது. அவன் கோபப்படவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, அடித்தவளுக்குக் கை வலித்திருக்குமோ என்பதுபோல் அவள் கையைப் பார்த்தான்.

தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். அறுபது வயதிருக்கும். "உட்காருங்கோ" என்று பாயைக் காட்டினாள். "அவருக்கு உங்களைத் தெரியலை. நடிக்கலை. இங்கே எல்லாம் பொது. துணி பொது, சாப்பாடு பொது. மனசுல இருக்கறதும் பொதுதான். எதிர்ல உட்கார்ந்து ஒருத்தருக்குச் சொல்லிட்டா அது அவாளோடது. சொன்னவாகிட்ட அப்புறம் இருக்காது. இவர் எல்லாத்தையும் வாசல்ல நிக்கறாரே, அவர்கிட்ட கொடுத்துட்டார்."

"இந்தக் கதையெல்லாம் ஏமாந்தவன்கிட்ட சொல்லுங்க. தம்பிக்கு மருந்து கிருந்து குட்த்து வெச்சிக்கீறீங்க."

"அப்படியே இருக்கட்டும். அவர் யாருன்னு நீங்க சொல்லுங்கோளேன். அவரும் கேக்கட்டும்."

அதுவும் சரியென்றே அவளுக்குப் பட்டது. சொன்னால் ஞாபகம் வரும். வராமல் எங்கே போகும்? அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, பாரியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். அவனுக்கு மஞ்சக்காமாலை வந்த மழைக்காலம், இடுப்பளவு தண்ணீரில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தடி வரைக்கும் நடந்தது, அங்கே ஒரு ரிக்சாக்காரர். பந்து விளையாட ஷூ இல்லையென்று அவன் அழுத அழுகை. அப்பாவின் சாவுக்குப் போட்ட பந்தலில் அவள் மடியிலேயே அவன் தூங்கிப்போனது.

சொல்லச் சொல்ல மனம் லேசானது. அந்த லேசுதான் அவளை முதலில் பயமுறுத்தியது.

"ரிக்சாக்காரரு துட்டு வேணான்ட்டாரு" என்றாள் கண்ணாடி அம்மாள். "புள்ளைய பாரு மொதல்லன்னாரு."

அந்தப் பேச்சை அந்த அம்மாள் எங்கே பிடித்தாள்? அதைவிட, ரிக்சாக்காரர் சொன்னதைச் சங்கமித்ரா இன்னும் சொல்லவே இல்லை. சொல்லப் போகிறோம் என்று நினைத்துத் தேடினாள். மழை இல்லை. தண்ணீர் இல்லை. ஒரு ரிக்சா மட்டும் காலியாக நின்றது. யார் அதில் போனார்கள்?

பந்தல். என்ன பந்தல் அது? யாருக்குக் கல்யாணம்?

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கொதிகலன்களின் இரைச்சல் காதுக்குள் ஏறியது. எழுந்து ஓட வேண்டும். பையனைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். எந்தப் பையனை? இவனை. இவன் தம்பி. அது ஒன்று இருக்கிறது. அது போதும். அதைச் சொல்லக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடி அம்மாள் எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். அவ்வளவுதான்.

பாரிதான் கேட்டான். அவன் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "ஏங்க அழறீங்க? நீங்க எனக்கு யாருங்க?"

அவன் அப்படிக் கேட்டால் அவளால் எப்படிப் பேசாமல் இருக்க முடியும்?

"உன் அக்காடா" என்றாள், எதிரில் அந்த அம்மாள் இருப்பதை மறந்து. "நான் சங்கமித்ரா. உன்ன இட்னு போவ வந்தேன்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கரையில் படகு வந்து நின்றது. தோப்பின் ஓரத்தில், மணலில், அவள் உட்கார்ந்திருந்தாள். காற்று இதமாக இருந்தது. கூரைகளில் படிந்த சாம்பல்கூட அழகாகத்தான் இருந்தது.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஜிப்பா போட்ட கிழவரின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். "நடடா பேமானி. திங்கக்கெழம வேலைல சேரணும். அம்மா தூங்காம குந்திகினு கீது, உனுக்கு அமைதி கேக்குதா?"

"வரேன்க்கா. திட்டாத" என்றார் கிழவர்.

படகுக்காரர் ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் படகிலுமாக நின்றுவிட்டார். "நான் ஏத்திகினு வந்தது வேற பொண்ணாச்சே."

"உன் கண்ணுல கோளாறு. நான்தான் வந்தேன். தண்ணி ஏறுதுன்னு சொன்னல்ல, எடு வண்டிய. வியாசர்பாடி போய்ச் சேர வேணாமா?"

படகுக்காரர் கரையைப் பார்த்தார். மணலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அவள் மரியாதைக்குக் கும்பிட்டாள். அவசர அவசரமாக மோட்டாரைக் கிளப்பினார்.

கையில் பரங்கிக்காய் மணத்தோடு ஓர் இளைஞன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்நிய ஆண்மேல் கை பட்டுவிடக் கூடாதென்று அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அவனும் கூச்சத்தோடு விலகிக்கொண்டான்.

"யாருங்க அந்த அம்மா, இவ்வளவு கோபமா போறாங்க?" என்று கேட்டான்.

"தெரியலைங்க. தம்பியைக் கூட்டிட்டுப் போக வந்திருப்பாங்க போல."

முகத்துவாரத்தில் படகு ஒரு கரும்புள்ளியாகச் சிறுத்துப்போகும் வரையில் அந்தக் கிழவியின் அதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. யார் பெற்ற பிள்ளைகளோ, வீட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கிற அம்மாவிடம் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று அவள் மனதார நினைத்துக்கொண்டாள்.