காணாமல் போன மேக்னெட்டோ

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விமானத்தின் எஞ்சின் மூடியைக் கழற்றிய மெக்கானிக், மூடியைக் கையில் பிடித்தபடி சிலையாகிவிட்டார்.

"மேடம், கொஞ்சம் மேல வாங்களேன்."

பரிசோதகர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். காந்தத்தைச் சுழற்றி எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் ஒரு துளை. அதற்குள் தூசி போகாதபடி யாரோ அக்கறையாகத் துணி அடைத்திருந்தார்கள்.

"திருடனுக்கு எஞ்சின் மேல என்னங்க இவ்வளவு பாசம்?" என்றார் பரிசோதகர்.

அந்த விமான நிலையத்தில் அந்த அம்மாளுக்குச் 'சல்லடை' என்று பெயர். எந்தக் குறையும் அவரிடமிருந்து நழுவாது. இன்று அவர் வந்தது ஒரு கையெழுத்துக்காக. ஏரியில் இறங்கித் தண்ணீரை மொண்டு காட்டுத் தீயில் கொட்டும் இந்த விமானம், தொலைதூர ஏரிக்கு மூன்று மாத வேலையாக மதியம் கிளம்பவேண்டும். விமானத்தோடு மெக்கானிக்கும் போகவேண்டும். இரண்டு மேக்னெட்டோவும் இல்லாமல் சல்லடை கையெழுத்துப் போடமாட்டார். புதிதாக வரவழைக்க ஒரு வாரம் ஆகும்.

செய்தி கேட்டு மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஏறிப் பார்த்தார். மூடி உட்காரும் விளிம்பில், எட்டுத் திருகுத் துளைகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று முதல் எட்டு வரை பென்சிலால் எண் போட்டிருந்தது. தீக்குச்சி அகலத்துக்குத் தடித்த எண்கள்.

"பாத்தீங்களா மேடம்! எந்தத் திருகு எந்த ஓட்டைன்னு நம்பர் போட்டுக் கழட்டியிருக்கான். வெளியாளா இருந்தா பிச்சுப் போட்டுட்டுப் போயிருப்பான். இது தொழில் தெரிஞ்ச கை." மேனேஜர் மெக்கானிக்கை முறைத்தார். "சாவி மூணே பேர்கிட்டதான். நான், நீ, அந்தப் பக்கம் கிளைடர் ஷெட்ல இருக்கிற உன் மச்சான். பத்து மணிக்குள்ள சாமான் வரலைன்னா போலீஸ்தான். உன் லைசென்ஸ் போயிடும், ஞாபகம் வச்சுக்கோ!"

பேசும் வேகத்தில் கையிலிருந்த பென்சிலை விமானத்தின் உடம்பின் மேல் வைத்தார். தலையை அழுத்தினால் ஊசிபோல முனை நீளுமே, அந்த வகை.

மெக்கானிக்கின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் கை தானாக நீண்டு பென்சிலை எடுத்து மேனேஜரின் சட்டைப் பையில் செருகியது. "நான் எடுக்கல சார்" என்றார். மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இப்படி வாயை மூடிட்டு நின்னா நானே சந்தேகப்படுவேன்" என்றார் சல்லடை. "நேத்து எப்ப வீட்டுக்குப் போனீங்க?"

"அஞ்சு மணிக்கு. வீட்ல மாசமா இருக்காங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"அதுக்கப்புறம்?"

"வீடுதான். என் பொண்டாட்டி சாட்சி."

"பொண்டாட்டி சாட்சி செல்லாதுய்யா!" என்றார் மேனேஜர்.

சல்லடை விமானிக்குரிய இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு கருவியாகப் பார்த்தார். விமானம் பெரிய கதவை நோக்கி நின்றது. திசைகாட்டி நேர் வடக்கைக் காட்டியது. குறித்துக்கொண்டு இறங்கினார்.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். மரத்தூள் வாசனை. எஞ்சினே இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் ஒன்று, ஒல்லியான நீண்ட இறக்கைகளை விரித்து, அதே பெரிய கதவைப் பார்த்து நின்றது. மரச்சட்டம், மேலே துணி, இடையில் பசை. அதைக் கட்டும் தச்சருக்கே 'பசை' என்றுதான் பெயர். மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணன்.

"மாப்ளய சந்தேகப்படுறாங்களாமே மேடம்? அவரு ஒரு ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டாரு!"

"தங்கச்சிக்கு எப்ப பிரசவம்?"

"இந்த வாரமோ அடுத்த வாரமோ. இவரு மதியமே பறந்துடுவாரு."

"லீவு கேக்கலாமே?"

"யாரு, அவரா? தொண்டையில முள்ளு மாட்டினாக்கூடப் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட தண்ணி கேக்கமாட்டாரு."

சல்லடைக்குச் சிரிப்பு வந்தது. பேச்சோடு பேச்சாகக் கிளைடருக்குள் குனிந்து பார்த்தார். அங்கேயும் ஒரு சின்னத் திசைகாட்டி. ஆனால் இது வடகிழக்கைக் காட்டியது.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம். மேனேஜர் போனைக் கையில் எடுத்துவிட்டார். சல்லடை கூப்பிட்டதால் மெக்கானிக், பசை, விமானத்தை ஓட்டப்போகும் கேப்டன் எல்லாரும் கிளைடரைச் சுற்றி நின்றார்கள்.

"போனை வைங்க சார்" என்றார் சல்லடை. "எடுத்தது மெக்கானிக் இல்ல. நீங்க காட்டின நம்பரே அவரைக் காப்பாத்திடுச்சு."

"எப்படி?"

"தண்ணியில இறங்குற விமானத்தை மரத்துல பண்ணினா ஊறிடும், இரும்புல பண்ணினா கனம். அதனால அலுமினியம். அந்த அலுமினியத்துக்குப் பென்சில் கரி ஆகவே ஆகாது. கரி பட்ட இடத்துல ஈரமும் சேர்ந்தா கோடு கோடா அரிச்சுத் தின்னுடும். நீங்க அவரைத் திருடன்னு திட்டிட்டு இருக்கும்போதும் உங்க பென்சிலை எடுத்து உங்க பையிலயே போட்டாரே, கவனிச்சீங்களா? அந்தக் கையா எட்டு நம்பரைப் பென்சில்ல எழுதும்?"

மேனேஜர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "அப்ப... பென்சில் என்கிட்டதானே இருக்கு?"

"உங்களது ஊசி முனை. அந்த நம்பர் தீக்குச்சி அகலம். தட்டையா சீவின பென்சில். மரத்துல அடையாளம் போடுறவங்க வச்சிருக்கிறது. மரத்தைப் பென்சில் ஒண்ணும் பண்ணாது."

எல்லோர் பார்வையும் பசையின் காதுப்பக்கம் திரும்பியது. அங்கே செருகியிருந்தது தட்டைப் பென்சில். அவர் கை மெதுவாக மேலே போய் அதை மறைக்கப் பார்த்தது.

"ரெண்டு விமானமும் ஒரே கதவைத்தான் பாத்து நிக்குது" என்று சல்லடை தொடர்ந்தார். "அங்க திசைகாட்டி முள்ளு வடக்கு காட்டுது. இங்க வடகிழக்கு. எடை குறையணும்னு மரத்துலயும் துணியிலயும் பண்ணின உடம்பு. முள்ளை இழுக்க இதுக்குள்ள இரும்பு எங்கிருந்து வரும்? ஒரு காந்தம் ஒளிஞ்சிருந்தாத்தான் உண்டு. எஞ்சின் சாமானை எஞ்சினே இல்லாத விமானத்துல யார் தேடப்போறாங்கன்னு கணக்குப் போட்டீங்க. கணக்கு நல்ல கணக்குதான். முள்ளுதான் காட்டிக்கொடுத்துடுச்சு."

பசை கிளைடரின் மூக்குக்குள் தோள்வரை கையை விட்டு, துணியில் சுற்றிய மேக்னெட்டோவை எடுத்து நீட்டினார்.

"ஏன் மச்சான்?" மெக்கானிக் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "என் லைசென்ஸ் போயிருக்குமே!"

"ஸ்டோர்ல எங்கயோ மாறிப்போச்சுன்னு ஒரு வாரம் தேடுவாங்கன்னு நெனச்சேன் மாப்ள. உங்க மேல பழி வரும்னு தோணவே இல்ல. வந்ததும் சொல்லிடணும்னுதான் வாயைத் திறந்தேன், பயத்துல வரல." தச்சர் தலைகுனிந்தார். "தங்கச்சி தினமும் அழுவுது. நீங்களா லீவு கேக்கமாட்டீங்க. நான் போய்க் கேட்டா, மானத்தை வாங்கிட்டன்னு ஒரு வருஷம் பேசமாட்டீங்க."

"போலீஸ்!" என்றார் மேனேஜர். குரலில் பழைய வேகம் இல்லை.

"பொருள் உங்க கட்டடத்தை விட்டே போகலையே சார். அனுமதியில்லாம எஞ்சின்ல கை வச்சாருன்னு என் அறிக்கையில கண்டிப்பா வரும். இனிமே அவர்கிட்ட அந்த ஷெட் சாவி இருக்கக்கூடாது. கரியைத் துடைச்சு, இதைத் திரும்பப் பொருத்தி, நான் பாக்கணும். விமானம் நாளைக்குத்தான் கிளம்பும்."

நாளைக்கு. அந்தச் சொல் மெக்கானிக்குக்கும் கேட்டது. தன் மச்சானைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கேப்டன்..."

"சொல்லுங்க."

"எனக்கு... லீவு வேணும்."

"அப்பாடா!" என்றார் கேப்டன். "மூணு வருஷமா உங்க வாயிலிருந்து இந்த வார்த்தையை எதிர்பார்க்கிறேன். ஏரியில வேற மெக்கானிக் இருக்காரு, நான் பேசிக்கிறேன். ஒரு மாசம் வீட்ல இருங்க."

"ஒரு மாசமா?" என்று மேனேஜர் ஆரம்பித்தார். சல்லடை திரும்பிப் பார்த்ததும், "சரி, சரி. பிள்ளை பொறந்தா ஸ்வீட்டாவது குடுப்பியா?" என்று முடித்துக்கொண்டார்.

மெக்கானிக் கொஞ்சம் ஒதுங்கிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். "நான்தான். போகல... ஆமா, லீவு. ஆமா, நானேதான் கேட்டேன்... இல்லம்மா, காய்ச்சல் எல்லாம் இல்ல."

அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் அவர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.