ஓடும்... ஆனால் நகராது!

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

காதுக்குள் போன் அடித்தது.

நிங் கண் விழித்தாள். போனை எடுக்கக் கையை நீட்டினாள்.

கை வரவில்லை!

குனிந்து பார்த்தாள். இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்து, மார்பின் குறுக்கே ஆரஞ்சு நிறப் பட்டை. வண்டிகளை இழுத்துக் கட்டும் பட்டை! டிரைவர் சீட்டோடு சேர்த்து அவளை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

பின்னந்தலை விண் விண்ணென்று தெறித்தது.

அவளுடைய பிக்கப் வண்டிதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கண்ணாடிகளும் இறக்கிவிடப்பட்டிருந்தன. உள்ளே டீசல் புகை நெடி!

காதில் மாட்டியிருந்த ஹெட்போன் கரகரத்தது.

"எழுந்துட்டியா தங்கச்சி? ரொம்ப பலமா அடிச்சுட்டேனோன்னு பயந்துட்டேன்."

எதிரே தடித்த கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் கண்ட்ரோல் ரூம். ஏ.சி. காற்றில், பிளாஸ்டிக் பையில் இருந்த ஐஸ் டீயை ஸ்ட்ராவால் உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தான் கம்போல்.

அவளுடைய முதலாளி!

நக்கோன் பதோம் வட்டாரத்தில் டீசல் பிக்கப் வைத்திருக்கும் ஒவ்வொருவனுக்கும் 'கம்போல் டீசல்' ஷெட் தெரியும். வண்டியின் மூளையான கம்ப்யூட்டர் பெட்டியில் கம்பெனி எழுதிய மேப்பை, அதாவது எப்போது எவ்வளவு டீசல் பாய வேண்டும் என்ற கணக்கை, எடுத்துவிட்டு, புது மேப் ஏற்றித் தருவார்கள். நூற்றைம்பது குதிரைத்திறன் வண்டி முன்னூற்றைம்பது குதிரையாகச் சீறும். பெயர் கம்போலுக்கு. மேப் எழுதும் விரல்கள் நிங்குக்கு!

எழுதிய மேப்பைச் சோதிப்பது இந்த டைனோ அறையில்தான். சக்கரங்களுக்கு அடியில் இரண்டு இரும்பு ரோலர். வண்டியைத் தரையோடு கட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ரோலர் சுற்றும். வண்டி ஓடும். ஆனால் ஓர் அங்குலம்கூட நகராது!

"முதலாளி... என்ன விளையாட்டு இது? அவுத்து விடுங்க!"

"விளையாட்டா?" கம்போல் அடித்துக்கொண்டிருந்த போனைத் தூக்கிக் காட்டினான். அவளுடைய போன். "உங்கம்மாதான். மூணாவது தடவை. கோயில்ல எல்லாரும் காத்திருக்காங்களாம். பாவம்."

போனை அணைத்து மேஜையில் போட்டான்.

நிங் கறுப்பு உடை உடுத்தியிருந்தாள். அண்ணன் தேச்சா செத்து இன்று ஏழாம் நாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி புத்தர் கோயிலில் பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அவன் பேரில் புண்ணியம் சேர்க்கும் சடங்கு. ஷெட் ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான்.

"நீங்கதானே காலைல வரச் சொன்னீங்க! இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள என் மேப்பை ஒருவாட்டி ஓட்டிப் பார்க்கலாம்னு..."

"சொன்னேன். நீயும் ஹெட்போனை மாட்டிக்கிட்டுச் சமர்த்தா வந்து உக்காந்த."

"எதுக்கு?"

கம்போல் மேஜையிலிருந்து ஒரு சின்ன அலுமினியப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி அருகே பிடித்தான். ஓரம் நசுங்கியிருந்தது. போலீஸ் அரக்கு முத்திரை கிழிந்திருந்தது.

நிங் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள்.

அண்ணன் வண்டியின் மூளை!

ஏழு நாள் முன்பு ரேஸில் தேச்சாவின் பிக்கப் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. நேராகப் போய்க் கான்கிரீட் தூணில் மோதியது. அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு. தங்கச்சி பேராசைப்பட்டு எழுதின மேப்தான் அண்ணனைக் கொன்றது என்று. அம்மாகூட அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்று மூன்று தடவை போன் அடித்திருக்கிறாள்... எடுக்க முடியவில்லையே!

"பன்னெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் சாரயுத் வருவார்," என்றான் கம்போல். "அவர் முன்னால நீ பாஸ்வேர்ட் போட்டு இதைத் திறக்கணும். அதை இப்பவே எங்கிட்ட சொல்லிடு."

"உங்களுக்கு எதுக்கு?"

"உள்ள இருக்கற மேப்பை மாத்தணும்."

இரண்டு விநாடி.

நிங்குக்குப் புரிந்தது.

"உள்ள இருக்கறது... என் மேப் இல்லையா?"

கம்போல் ஸ்ட்ராவைக் கடித்தான்.

அண்ணனை அவள் கொல்லவில்லை! ஏழு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டது. ஆனால் அதைச் சொல்ல அவள் உயிரோடு வெளியே போக வேண்டுமே...

"பெட்டியைக் கால்வாயில வீசிட வேண்டியதுதானே?"

"போலீஸ் நம்ம ஷெட்டை நம்பிக் கொடுத்துட்டுப் போன பெட்டி. காணாமப் போனா கழுத்துக்குக் கத்தி யாருக்கு? எனக்கு! முத்திரையை எப்படியாவது மறுபடி ஒட்டிக்கலாம். மேப் மட்டும் உன்னுதா இருக்கணும்."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டி உக்காந்திரு." கம்போல் ஒரு ஸ்விட்சைத் தட்டினான்.

கூரையில் உறுமிக்கொண்டிருந்த ராட்சச ஃபேன் நின்றது. புகையை வெளியே இழுக்கும் ஒரே ஃபேன்!

"ஷட்டருக்கு வெளிய பூட்டு. இந்தக் கதவுக்கு உள்ள பூட்டு. நாலு கேமராவையும் அணைச்சாச்சு. ஃபேன் ரிப்பேர், பொண்ணு அண்ணன் நினைப்புல கவனிக்கல... எல்லாரும் அழுவாங்க. நானும் அழுவேன்."

புகை மெல்ல மெல்லக் கால் பக்கத்திலிருந்து எழும்பியது. நிங் உடம்பை முறுக்கினாள். பட்டை இன்னும் இறுகியது. பல்லால் கடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. சாவி ஒரு முழம் தள்ளித் தொங்கியது. விரல் நுனியாவது அசையுமா? அசையவில்லை!

இருமல் வந்தது. கண்கள் எரிந்தன.

எரிந்த கண்களால் சுற்றிலும் பார்த்தாள். கறுத்த சுவர். பூட்டிய ஷட்டர். கண்ணாடி மேல் கம்போல் தன் கையால் எழுதி மாட்டிய போர்டு.

'இங்கே ஒளிவு மறைவு இல்லை!'

இரண்டு வருடம் முன்பு, கம்போல் டீசலின் குதிரைக் கணக்கெல்லாம் வெறும் டுபாக்கூர் என்று எதிர் ஷெட்காரன் ஊரெல்லாம் பரப்பினான். அன்று கம்போல் ரோஷத்தில் மாட்டிய போர்டு அது.

நிங் அந்தப் போர்டையே பார்த்தாள்.

பிறகு தன் கால்களைப் பார்த்தாள்.

கால்களைக் கட்ட மறந்துவிட்டான்!

வலது காலைத் தூக்கி கிளட்சில் வைத்தாள். அமுக்கினாள். இடது முழங்காலை கியர் லீவரில் முட்டுக் கொடுத்து முன்னால் தள்ளினாள்.

கடக்!

மூன்றாவது கியர்!

"ஏய்... என்ன பண்ற?"

கிளட்சை விட்டாள். வண்டி குலுங்கியது. இன்ஜின் திணறியது. நின்றுவிடுமோ? நிற்கவில்லை! வலது கால் ஆக்ஸிலேட்டருக்குத் தாவியது.

ரோலர் சுற்ற ஆரம்பித்தது.

கம்போல் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஓடிப் போகப் பாக்கறியா? ஓடு தங்கச்சி, ஓடு! பாங்காக் வரைக்கும் ஓடு! இறங்கிப் பார்த்தா இங்கயேதான் இருப்ப! மிதிக்க மிதிக்கப் புகைதான் ஜாஸ்தியாகும்... என் வேலை மிச்சம்!"

உண்மைதான். சைலன்சரிலிருந்து கறுப்புப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. இன்ஜின் வேகம் காட்டும் ஊசி இரண்டாயிரத்தைத் தாண்டியது. நிங் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

"முதலாளி..." இருமினாள். "பாஸ்வேர்ட் சொல்றேன்."

"அப்படி வா வழிக்கு!"

"அதுக்கு முன்னால... எங்கண்ணன் எப்படிச் செத்தான்னு உங்க வாயால சொல்லுங்க. அது தெரியாம எனக்குச் சாவு வராது."

"என்னத்துக்கு இப்ப அந்தக் கதை?"

"உங்களால சொல்ல முடியாது. ஏன்னா உங்களுக்கு மேப் எழுதவே தெரியாது! தேச்சா வண்டில கை வச்சது வேற எவனோ. நீங்க வெறும் எடுபிடி!"

கம்போலின் முகம் சிவந்தது. ஐஸ் டீ கீழே விழுந்து சிதறியது.

"எடுபிடியா? யாருடி எடுபிடி? ரேஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், நீ நூடுல்ஸ் சாப்பிடப் போனப்ப, உன் மேப்பைத் தூக்கிட்டு என் மேப்பை ஏத்தினது நான்! நானே எழுதினது! நாலாவது கியர் விழுந்துட்டா காலை எடுத்தாலும் டீசல் நிக்காது! காலைல நீ வந்து, உள்ள என்ன இருக்குன்னு பாக்காம, எப்பவும் போல பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டின பாரு... அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்!"

நிங்கின் கண்களில் தண்ணீர் வழிந்தது. புகையால் மட்டும் அல்ல. ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் அன்று திறந்து பார்த்திருந்தால்!

"ஏன்... அவன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினான்?"

"உன்னைக் கூட்டிட்டுப் போய்த் தனி ஷெட் போடப் போறேன்னான்! சிரிச்சுக்கிட்டே சொன்னான்! நீ போயிட்டா எங்கிட்ட என்ன இருக்கு? போர்டுதான் இருக்கு!"

ஊசி மூவாயிரம். மூவாயிரத்தைந்நூறு. டர்போ ஊளையிட்டது. வண்டி பட்டைகளை அறுத்துக்கொண்டு கிளம்பத் துடித்தது. நிங்குக்கு எதிரே இருந்த கண்ணாடியே மங்கலாகிவிட்டது.

"பாஸ்வேர்ட்!" கம்போல் கத்தினான். "சீக்கிரம்!"

"திரும்பி... உங்க தலைக்கு மேல பாருங்க... அங்க ஓடுது."

கம்போல் திரும்பினான்.

சுவரில் இருந்த பெரிய திரை விழித்திருந்தது. பச்சை நிறக் கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. மூலையில் சிவப்புப் புள்ளி.

நேரலை!

பார்ப்பவர்கள்: 6,214.

கம்போலின் வாய் திறந்தது. மூடவில்லை.

ரோலர் சுற்றினால் டைனோ கம்ப்யூட்டர் தானாகவே நேரலையில் போகும். படமும் போகும்; டிரைவரும், கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ட்யூனரும் ஹெட்போனில் பேசுகிற பேச்சும் போகும். யாரும் தொட முடியாது, யாரும் நிறுத்த முடியாது... கணக்கில் தில்லுமுல்லு இல்லை என்று காட்ட, ரோஷக்காரக் கம்போல் இரண்டு வருடம் முன்பு செய்து வைத்த ஏற்பாடு! நாலு கேமராவை அணைத்தவன் ஐந்தாவதை மறந்துவிட்டான்.

ரோலர் சுற்ற ஆரம்பித்த அந்த விநாடியே, மூன்று கிலோமீட்டர் தள்ளி...

புத்தர் கோயிலில் பிக்குகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். கூப்பிய கைகளோடு எண்பது பேர். அத்தனை பேரும் டீசல் பைத்தியங்கள். ஒரே நேரத்தில் எண்பது சட்டைப் பைகளில் டிங்!

"ஷெட்டுக்கு இன்னிக்கு லீவாச்சே... எவன்டா வண்டி ஏத்தினது?" ஒருவன் கிசுகிசுத்தான். போனை எடுத்துப் பார்த்தான்.

பார்த்தவன் அலறினான்.

தேச்சாவின் அம்மா அந்தப் போனைப் பிடுங்கினாள். மகளின் இருமலைக் கேட்டாள். கம்போலின் குரலைக் கேட்டாள். அடுத்த நிமிடம் யாரோ ஒருவனின் பிக்கப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நிங்குக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. முதலில் இடி மாதிரி. பிறகு முப்பது டர்போக்கள் சேர்ந்து ஊளையிடுவது மாதிரி! எல்லாம் அவள் எழுதிய மேப். ஒவ்வொன்றின் குரலும் அவளுக்குத் தெரியும்.

கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து நழுவியது. வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி நின்றது.

ஷட்டரில் கொக்கி விழுந்தது. கொக்கியோடு கட்டிய இழுவைப் பட்டை இறுகியது. ஒரு பிக்கப் உறுமி முன்னால் பாய்ந்தது.

படார்ர்ர்!

ஷட்டர் பிய்த்துக்கொண்டு ரோட்டுக்குப் போனது! வெளிச்சம் வந்தது. காற்று வந்தது. காற்றோடு அம்மாவும் வந்தாள்.

"என் கண்ணே... உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே! இந்தப் பாவி அம்மாவை மன்னிச்சுடும்மா!"

பட்டையை அவிழ்த்துவிட்டதும் நிங் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஏழு நாளாக அழாத அழுகையை அழுதாள்.

பின்கதவு வழியாக ஓடப் பார்த்த கம்போலை எண்பது பேரும் வழிமறித்தார்கள். இன்ஸ்பெக்டர் சாரயுத் வந்து சேர்ந்தபோது, விலங்கு மாட்டுகிற வேலை ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நிங் பாஸ்வேர்ட் போட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கம்போலின் மேப், ஏற்றிய தேதியோடும் நேரத்தோடும் பத்திரமாக இருந்தது.

சாரயுத் தன் போனில் நேரலையின் கமெண்டுகளைத் தள்ளித் தள்ளிப் படித்தார். திடீரென்று சிரித்துவிட்டார்.

"என்ன சார்?"

"ஆறாயிரம் பேர் 'கொலைகாரனைப் பிடிங்க'ன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தன் மட்டும், 'அது கிடக்கட்டும், எத்தனை குதிரை வந்துச்சு?'ன்னு கேக்கறான்மா!"

நிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானூத்திப் பன்னெண்டு, சார். கையைக் கட்டிப் போட்டு ஓட்டினதுன்னு சேர்த்து எழுதிடுங்க!"