பதினைந்தாவது வரிசை

அந்தப் பட்டாணிப் பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரம் நசுங்கவில்லை, ஒட்டு பிரியவில்லை, மேலே படிந்திருந்த பனிகூட உறைபதனக் கிடங்கிலிருந்து வருகிற பெட்டிக்கு உரிய அளவுதான். லேபிளில் 'எடுத்த இடம்' என்று அச்சாகியிருந்ததைத்தான் அவள் மூன்று முறை படித்தாள். வரிசை 15, ரேக் 3, தட்டு 2. அந்தக் கிடங்கில் இருப்பது பதினான்கு வரிசைகள்.

அது அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பதினோரு வருடமாக அங்கே சரக்கு இருப்புப் பார்க்கிறவள். புதிய சிஸ்டம் வருவதற்கு முன்னால் மூன்று மாதம், கம்பளிக் குல்லாவும் இரட்டைக் கையுறையுமாக, அளவு நாடாவின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவளுடைய அண்ணனும் பிடித்துக்கொண்டு, ரேக் ரேக்காக அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அண்ணன்தான் கிடங்கின் மானேஜர். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அதை வருடத்துக்கு நான்கு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அதற்காக அவள் அவனைத் தப்பாக நினைத்ததில்லை. கூடப்பிறந்தவன், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

முன்பெல்லாம் எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பது ஆட்களின் தலைக்குள் இருந்தது. ஒருவன் லீவு போட்டால் அவனோடு சேர்ந்து நாற்பது பெட்டி மீனும் லீவு போட்டுவிடும். புதிய சிஸ்டத்தில் அந்தப் பேச்சே இல்லை. கடைகளின் ஆர்டர் நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும். சரக்கு எடுக்கிற ஆளின் ஹெட்செட்டில் ஒரு குரல் எந்த வரிசை, எந்த ரேக் என்று சொல்லும். அவன் அங்கே போய், தட்டில் ஒட்டியிருக்கும் இரண்டு இலக்க எண்ணை வாய்விட்டுப் படித்து, பெட்டியை எடுத்து, 'சரி' என்று சொன்னால் அடுத்த இடத்துக்கு அனுப்பும். மாடு மேய்ப்பது மாதிரிதான். ஆனாலும் வேலை நடந்தது.

பெட்டியை எடுத்து வந்தவனுக்குக் கிடங்கில் ஒட்டகம் என்று பெயர். ஆறடிக்கு மேல் உயரம். நடக்கும்போது கழுத்து முதலில் போகும், உடம்பு பிறகு வந்து சேரும்.

"இத எங்கேர்ந்துப்பா எடுத்த?"

"பதினஞ்சுலக்கா."

"பதினஞ்சு ஏது?"

"பதினாலு முடிஞ்சதும் எடது பக்கம் திரும்பணும்." அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "காதுல சொல்லுச்சு, போனேன். நல்ல எடம்க்கா. குளிரே தெரியல."

அவள் போய்ப் பார்த்தாள். உறைபதன அறையின் கனத்த கதவு முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டதும் வெளியே இருந்த பகல் முழுக்க வெட்டுப்பட்டுப் போனது. உள்ளே ஆள் நடக்க நடக்கத்தான் விளக்கு எரியும், கடந்ததும் அணைந்துவிடும். குளிர்காற்றை ஊதும் பெரிய விசிறிகளின் ஒரே சுருதியான உறுமலும், அட்டையும் இரும்பும் பழைய மீனும் கலந்து மூக்குக்குள்ளேயே உறைந்துபோகிற வாசனையும், பூட்ஸுக்கு அடியில் நொறுங்குகிற பனியுமாக அவள் பதினான்காவது வரிசையின் கடைசிவரை போனாள். இடது பக்கம் வெள்ளைத் தகடு போர்த்திய சுவர். தட்டிப் பார்த்தாள், சுவர்தான். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அண்ணன் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அடிப்பாவி, அது டம்மி வரிசை. சிஸ்டம் ஆரம்பிச்ச அன்னிக்கு முந்நூத்திப் பன்னெண்டு பெட்டி இடிச்சுது. ரெஜிஸ்டர்ல இருக்கு, ரேக்ல இல்ல. ரெண்டும் ஒத்துப்போகாம தொடங்க விடமாட்டாங்க. அதான் இல்லாத வரிசை ஒண்ணு போட்டு எல்லாத்தையும் அதுல தள்ளிட்டேன். எல்லாக் கிடங்குலயும் பண்றதுதான்."

"இல்லாத வரிசையிலேர்ந்து பட்டாணி எப்படிண்ணா வந்துச்சு?"

"வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?"

அதற்கு மேல் அவனிடம் கேட்டுப் பயனில்லை. காணாமல் போனவை ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. இரண்டு வருடம் முன்பு ஆளாளுக்குப் பழி சுமத்திக்கொண்ட இறால் பெட்டிகள் வந்தன. எப்போதோ இழுத்து மூடப்பட்ட கம்பெனியின் ஐஸ்கிரீம் வந்தது. அதன் காலாவதித் தேதி அடுத்த வருடம் என்றிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு தீர்ந்த பிறகும் வரத்து நிற்கவில்லை. எந்தக் கடைக்கும் 'சரக்கு இல்லை' என்ற பதிலே போகவில்லை. வாசலில் மாட்டியிருந்த பெரிய திரையில் வேகமும் துல்லியமும் நாளுக்கு நாள் ஏறின. மற்ற ஒன்பது கிடங்குகளிலும் இதே சிஸ்டத்தைக் கொண்டுவரும் பொறுப்பு அண்ணனுக்குத்தான் என்று ஹெட் ஆபீஸில் பேச்சு அடிபட்டது. அவன் புதுச் சட்டைகள் வாங்கினான்.

பதினைந்தாவது வரிசைக்கு ஒட்டகத்தை மட்டும்தான் அந்தக் குரல் அனுப்பியது. இரண்டாவது வாரத்திலிருந்து அவன் குளிர்க்கோட்டுப் போடாமல் உள்ளே போனான். டீ வேண்டுமா என்று கேட்டால் 'சரி' என்றான். உடம்புக்கு என்ன என்று கேட்டாலும் 'சரி' என்றான். பசங்கள் அதை வைத்து இரண்டு நாள் கேலி செய்தார்கள், பிறகு அவன் உட்காரும் பெஞ்சில் உட்காருவதைத் தவிர்த்தார்கள்.

வியாழக்கிழமை உள்ளே போனவன் வெளியே வரவில்லை.

அவனுடைய சைக்கிள் கொட்டகையில் நின்றது. சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. பதினான்கு வரிசையையும் சல்லடை போட்டுத் தேடினார்கள், ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவன் மனைவி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வாசலில் வந்து நின்றாள். யாரையும் திட்டவில்லை, அழவுமில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவள் தன் மேஜைக்குத் திரும்பி ஒட்டகத்தின் ஹெட்செட் இணைப்பைத் திறந்தாள். அந்த பேட்டரி ஒரு ஷிப்டுக்குத்தான் தாங்கும். திரையில் அது முழுதாக இருந்தது.

"எழுபத்திரெண்டு. சரி. பதினெட்டு. சரி."

அவன் குரல்தான். மூச்சிரைப்பு இல்லை, காலடி இல்லை, விசிறிச் சத்தம்கூட இல்லை.

"தம்பி, நான்தான்பா பேசறேன். எங்க இருக்க?"

எண்கள் நின்றன. பிறகு, மிக மெதுவாக, தூக்கத்தில் பேசுகிறவனைப் போல, "அக்கா" என்றான். அவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"நாப்பத்தொண்ணு. சரி."

அண்ணனிடம் ஓடினாள். "பழைய ரெக்கார்டிங் ஓடுது, விட்டுத்தள்ளு" என்றான். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்றான். சொல்லும்போது அவன் கண் திரையில்தான் இருந்தது. ஒட்டகத்தின் வேகம் குறைந்துகொண்டு வருவதை அது காட்டியது.

இரண்டு இரவும் அவளுக்குக் கண் ஒட்டவில்லை. உயிரோடு இருக்கிறான், கூப்பிட்டால் 'அக்கா' என்கிறான், இதைத் தெரிந்துகொண்டு எப்படிச் சோறு தின்பது? ஞாயிற்றுக்கிழமை, கிடங்குக்கு விடுமுறை நாளில், மத்தியான வெயிலில் வந்து மேஜையில் உட்கார்ந்தாள். அந்த வரிசையை அழித்துவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தாள். சிஸ்டம் மறுத்தது. உள்ளே இருப்பதை எண்ணாமல் வரிசையை மூட முடியாது. உருவாக்கியவர் மட்டுமே எண்ணலாம். உருவாக்கியவர் யார் என்று திறந்து பார்த்தாள்.

அவளுடைய லாகின். ஒப்புதல் கொடுத்ததும் அவளுடைய லாகின்.

அந்தத் தேதியை அவள் எப்படி மறப்பாள்? மகளுக்குக் காது ஆபரேஷன் நடந்த நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்து பாஸ்வேர்டைக் கேட்டான். 'நீ புள்ளயப் பாரும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்' என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் கண் கலங்கிப்போய், எழுத்து எழுத்தாகச் சொல்லியிருந்தாள். அவள் பிள்ளை மயக்கத்தில் கிடந்த நேரத்தில் அவன் அவள் பெயரில் இதைச் செய்திருக்கிறான். நாளைக்கு யார் கேட்டாலும் கை காட்ட ஒரு ஆள் வேண்டுமே! வேற்று ஆள் செய்திருந்தால் வலித்திருக்காது.

"பாத்துட்டியா?"

அண்ணன் வாசற்படியில் நின்றான். கையில் அவளுடைய குளிர்க்கோட்டு.

"என் பேர்ல ஏண்ணா?"

"அவசரத்துல பண்ணிட்டேன்மா. தப்புதான்." அவன் கண்ணில் நீர்கூட வந்தது. "இப்ப நீ ஒருத்திதான் அதை மூட முடியும். உள்ள போய் எண்ணிச் சொல்லிட்டா வரிசை போயிரும், ஒட்டகமும் வெளிய வந்துருவான். வாசல்ல அவன் பொண்டாட்டி இன்னிக்கும் நிக்கறா, பாத்தல்ல?"

பார்த்திருந்தாள். அதனால்தான் எழுந்தாள்.

"நான் இங்கயே உக்காந்து உன் காதுல பேசிக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அவனே அவளுக்குக் கோட்டை மாட்டி, காதில் ஹெட்செட்டை வைத்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். நான்கு மணிக்குக் கணவன் அழைக்க வருவதாகச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். குளிரில் அது வேலை செய்யாது.

பதினான்காவது வரிசையின் முடிவில் சுவர் இல்லை.

இடது பக்கம் திறந்து கிடந்தது. விளக்குகள் முன்பே எரிந்துகொண்டிருந்தன. வெதுவெதுப்பு. பலபேர் தூங்கி எழுந்த அறையின் வாசனை. ரேக்குகள் மேலே எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. பெட்டிகளில் எழுத்து இல்லை, படம் இல்லை. பழுப்பு அட்டை மட்டும்.

"எண்ணும்மா, நான் இருக்கேன்." அண்ணன் குரல்.

எண்ணினாள். நூறு. நூற்றைம்பது. பூட்ஸுக்கு அடியில் பனி இல்லை, அவள் நடக்கிற சத்தமே கேட்கவில்லை. இருநூறு. விசிறிகளின் உறுமல் எப்போது நின்றது? இருநூற்றெழுபது.

"அண்ணா?"

எண்ணிக்கொண்டே நடந்தாள். கடைசிப் பெட்டி முந்நூற்றுப் பன்னிரண்டு.

"ஐம்பத்தாறு. சரி."

இந்த முறை அது ஹெட்செட்டில் வரவில்லை. பக்கத்தில் கேட்டது.

ஒட்டகம் ரேக்கைப் பார்த்து நின்றான். சட்டை மட்டும்தான். கழுத்து முன்னால் நீண்டு, நெற்றி தட்டின் இரும்பில் ஒட்டியிருந்தது. அவன் எதிரில் தட்டில் எந்த எண்ணும் ஒட்டியிருக்கவில்லை. அவன் தோளைத் தொட்டாள். அந்த வெதுவெதுப்பில் அவன் மட்டும் உறைந்திருந்தான். உள்ளே மீன் உறைந்த பெட்டியைத் தொட்டது போல.

"வாப்பா, போலாம்."

"முப்பது. சரி."

அவள் காதில் சிஸ்டத்தின் குரல் கேட்டது.

"பெட்டிகள் எத்தனை?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"ஆட்கள் எத்தனை?"

ஒருத்தன், அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ரெண்டு."

அண்ணன் குரல். தெளிவாக, நிதானமாக. அவளுடைய மேஜையிலிருந்து, அவளுடைய லாகினிலிருந்து.

"இரண்டு. சரி" என்றது அது.

"அண்ணா! அண்ணா, நான் உன் தங்கச்சி!"

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. மேஜையில் அவளுடைய போன் அடித்தது. மூன்றாவது மணியில் அவன் எடுத்தான்.

"மாப்ள… அவ அப்பவே கெளம்பிட்டாளே. வாசல்ல பாக்கலயா? வழியில எங்கயாவது நின்னுருப்பா, வந்துருவா."

பிறகு இணைப்பு போய்விட்டது.

திரும்பினாள். வந்த வழியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. கடைசியில் ஒன்று. அதற்கு முன் ஒன்று. அவளை நோக்கி. அவசரமே இல்லாமல். அவள் தலைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் மிஞ்சியது.

ஒட்டகம் எண் சொல்வதை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியை இரும்பிலிருந்து பிரித்தபோது தோல் கிழிகிற சத்தம் கேட்டது. மெதுவாக, கால்களைத் தேய்த்தபடி, ஓரடி தள்ளி நின்று, அவளுக்கு இடம் விட்டான்.