கெட்டியாக ஒரு கொலை முயற்சி

போன் அலறியது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்த அக்கா, கிரீஸ் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என் காரைக் கொன்னுட்டியே அக்கா!"

கூடப் பிறந்த தம்பி. பந்தயத் தளத்திலிருந்து பேசினான்.

இரண்டாவது சுற்றில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததாம். எஞ்சினுக்குள் டக டகவென்று சத்தமாம். பதறிப்போய் அணைத்துவிட்டானாம். போன வாரம் ஆயில் மாற்றியது அக்காதான். கார் கிளப் தலைவர் பக்கத்திலேயே நிற்கிறாராம். தப்பு அக்காவுடையது என்றால், கிளப்பின் ஒரு வண்டிகூட இனி அவள் வாசலை மிதிக்காது என்று சொல்லிவிட்டாராம்.

அக்கா காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். ஒர்க்‌ஷாப்பே அந்த வண்டிகளை நம்பித்தான் ஓடுகிறது.

பயத்தோடு கோபமும் வந்தது. ஆயில் விஷயத்தில் அவள் மகா கறார். கார் கம்பெனி சொல்லும் அங்கீகார எண் டப்பாவின் முதுகில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்பி காலில் விழுந்தாலும் ஒரு சொட்டு ஊற்ற மாட்டாள்!

பறந்தாள்.

பந்தயத் தளத்து ஷெட்டில் தம்பியின் சிவப்புக் கார் பானெட்டைத் திறந்தபடி பிணமாகக் கிடந்தது. தம்பியின் முகம் அஷ்டகோணல். பக்கத்தில் அவன் மாமனார்... லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மாப்பிள்ளையின் ஓட்டத்தைப் பார்க்க ஆசையாக வந்தவர். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா ஆயில் அளவுக் கம்பியை உருவினாள். வெள்ளைத் துணியின்மேல் சாய்த்தாள்.

சொட்டவே யோசித்தது... கருப்பாக, கெட்டியாக.

"இது நான் ஊத்தின ஆயில் இல்ல."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இதைத்தாம்மா சொல்வாங்க" என்றார் தலைவர்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். அவள் ஊற்றியது முழு சிந்தெட்டிக். நீர்க்க ஓடும். ஸ்டார்ட் பண்ணிய உடனே மெல்லிய துவாரங்களுக்குள் பாய்ந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வரை போய்ச் சேரும். இதுவோ லாரிக்கு ஊற்றுகிற ஆயில். இது ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் டர்போவுக்கு மூச்சு முட்டிவிடும்!

ஆயிலை வடித்தாள். ஃபில்டரைப் பிரித்தாள். எஞ்சின் தேய்ந்திருந்தால் மினுங்கும் இரும்புத்தூள் அதில் இல்லை.

"உயிர் இருக்குடா."

தம்பி அழுதேவிட்டான்.

சரி... கொலை முயற்சி செய்தது யார்? கார் நிற்கும் ஷெட்டின் சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று அக்கா கேட்டாள். தம்பி மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தான்.

மாமனார் தொப்பியைக் கழற்றினார். வியர்த்துக் கொட்டியது.

"கம்பியை எடுத்துப் பார்த்தேம்மா... தண்ணியா ஒழுகுச்சு. யாரோ மாப்பிள்ளையை ஏமாத்திட்டாங்கன்னு பதறிட்டேன். ஓடப்போற வண்டியாச்சே... அதான் வடிச்சுட்டு, நல்லா கெட்டியா வாங்கி ஊத்தினேன்."

பாசம்! பாசம்தான் கொலைகாரன்!

தலைவர் மன்னிப்புக் கேட்டார். அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

ஆனால் மாமனார் விடவில்லை.

"எனக்கு என்னம்மா தெரியும்? இந்தக் கார் பேரைச் சொல்லித்தான் கேட்டேன். 'கெட்டியா இருந்தாத்தான் எஞ்சினுக்கு பலம், கண்ணை மூடிட்டு ஊத்துங்க'ன்னு எடுத்துக் கொடுத்தாரு."

"எந்தக் கடையில மாமா?"

"உங்க ஒர்க்‌ஷாப்லதாம்மா... நீங்க வெளிய போயிருந்தீங்க. கவுண்ட்டர்ல உங்க வீட்டுக்காரர் இருந்தாரு."



தலைவரின் கைகள் மறுபடி கட்டிக்கொண்டன. அக்காவுக்கு மானம் போனது. மறைக்கவும் மனம் வரவில்லை.

"தப்பு எங்க கடை மேலதான் சார். டர்போவைப் பிரிச்சுப் பார்த்து, கீறல் இருந்தாக்கூட நானே புதுசு மாத்தித் தர்றேன்."

தலைவர் அவளையே பார்த்தார். உண்மையைச் சொல்கிற மெக்கானிக்கை அவர் அதிகம் பார்த்ததில்லை. வண்டிகள் வரும் என்றார். ஆனால் அந்தக் கவுண்ட்டரில் இனி அவள் வீட்டுக்காரர் உட்காரக்கூடாது என்று கண்டிஷன் போட்டார்.

அக்கா அங்கேயே போன் போட்டாள்.

"என்னங்க... இனிமே நீங்க கவுண்ட்டர் பக்கமே போகாதீங்க."

"ஏன்? நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. என்னைக் கேக்காம எங்கப்பா அங்கீகாரம் கொடுத்த ஒரே சரக்கு நீங்கதான்... இன்னிக்குத்தான் ரிசல்ட் வந்துச்சு!"