மொஸ்கோ விழுந்தது!

"ஐயோ... ஆராவது ஓடி வாங்கோ!"

அருமைநாயகியின் அலறலில் நீர்வேலி வாழைத்தோட்டம் திடுக்கிட்டது.

காற்றாடிக் கோபுரத்தின் அடியில் அவள் கணவர் தில்லைநாதன் கிடந்தார். பக்கத்தில் ஏணி. கையில் இறுக்கிப் பிடித்த சிவப்புத் துணி.

பிணம்!

1991 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் காலை. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. தில்லைநாதன் மட்டும் பனங்குற்றி நட்டு, சைக்கிள் றிம்மில் தகரம் பூட்டி, காற்றில் கரண்ட் எடுத்தார். ஒரு பல்பு எரிந்தது, ஒரு ரேடியோ பாடியது. அடுத்தது ஊர் முழுக்க என்று சொல்லித் திரிந்தார்.

ஆள் ரஷ்யக் கட்சி. ஊர் வைத்த பட்டம் மொஸ்கோ.

பக்கத்துத் தோட்டத்து ஆழ்வாப்பிள்ளை சீனக் கட்சி. அவர் பீக்கிங். கம்யூனிஸ்ட் கட்சி ரஷ்யா, சீனா என்று உடைந்த நாள் முதல் இரண்டு பேருக்கும் சண்டைதான்.

"உவன்தான்!" அருமைநாயகி கை நீட்டினாள். "உன்ரை ரஷ்யாவும் விழும், உன்ரை காத்தாடியும் விழும் எண்டு நேற்றும் வேலியிலை நிண்டு கத்தினவன்!"

கூட்டம் ஆழ்வாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தது. ஒருவன் மண்வெட்டிப் பிடியை ஓங்கினான்!

"சத்தியமா நானில்லை..." கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கத்தினனான், ஓம். அவன் போனால் நான் இனி ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"விடுங்கோ அவரை!"

ஊரின் கிராம அலுவலர், விதானையார் ஜோர்ஜ்! சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். மீசையில் நத்தார்க் கேக் துணுக்கு.

ஏணியைப் பார்த்தார். கோபுரத்தடிக் கொட்டிலுக்குள் ரேடியோவைப் பார்த்தார். வயர் அறுந்து தொங்கியது.

"இதை ஆர் தொட்டது?"

"தெரியாது விதானையார். அவர் ராத்திரிச் செய்தி கேக்க வந்தவர். நான் படுத்திட்டன்."

கடைக்காரச் செல்வரட்ணம் முன்னால் வந்தார். ஊருக்கே மண்ணெண்ணெய் விற்கிற ஒரே ஆள்.

"பாவம், பீக்கிங்கை விடுங்கோ. இது தற்கொலை!"

"என்னெண்டு சொல்லுறியள்?"

"மொஸ்கோவிலை செங்கொடியை இறக்கிப் போட்டாங்கள். சோவியத் முடிஞ்சுது. அதைக் கேட்ட துக்கத்திலை மனுசன் மேலையிருந்து குதிச்சிருக்கும்."

"செங்கொடியை... இறக்கிட்டாங்களோ?"

ஆழ்வாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு வாழையடியில் குந்திவிட்டார்.

ஜோர்ஜ் மீசையைத் துடைத்தார்.

"பேப்பர் இன்னும் வரேல்லை. எனக்கே இப்பதான் தெரியும். நீங்கள் எங்கை கேட்டனியள்?"

"என்ரை வீட்டு ரேடியோவிலை. ராத்திரி."

"பற்றரி?"

"பற்றரிக்கு எங்கை போறது? எல்லாரையும் போலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவிலைதான்!"

"எந்தச் சைக்கிள்?"

"என்ரை சைக்..."

நின்றுவிட்டார். கண் வேலிப் பக்கம் போனது...

"ஓம், அதேதான்!" என்றார் ஜோர்ஜ். "சேர்ச்சுக்குப் போக நேற்றுப் பின்னேரம் உங்களிட்டை இரவல் வாங்கினது. ராத்திரி முழுக்க என்ரை விறாந்தையிலை நிண்டது. பிறகு நீங்கள் எதைச் சுத்தினியள்? தலையையோ?"

செல்வரட்ணம் ஒரு அடி பின்வாங்கினார்.

"செய்தியை நீ கேட்டது இந்தக் கொட்டிலிலை, செல்வரட்ணம்! வயரை அறுத்ததும் நீதான்!"

"கெஞ்சினனான் விதானையார்!" செல்வரட்ணம் வெடித்தார். "வீட்டுக்கு வீடு காத்தாடி பூட்டினால் என்ரை எண்ணெயை ஆர் வாங்குவான்? காது குடுத்தும் கேக்கேல்லை. செய்தி வந்ததும் விசரன் மாதிரி சிவப்புத் துணியோடை மேலை ஏறினான். அங்கை இறக்கினால் நான் இங்கை கட்டுவன் எண்டான்... ஆத்திரத்திலை வயரை அறுத்தன், ஏணியை இழுத்துப்போட்டன்!"

அருமைநாயகி தலை குனிந்தாள்.

"அண்ணை... உங்களையெல்லே நான்..."

"அதை விடு பிள்ளை."

ஆழ்வாப்பிள்ளை பிணத்தின் விரல்களை மெல்லப் பிரித்தார். சிவப்புத் துணியைத் தோளில் போட்டார். ஏணியை நிமிர்த்தினார்.

"பீக்கிங் அண்ணை, நீங்கள் ரஷ்யக் கொடி கட்டப் போறியளோ?" யாரோ கேட்டார்கள்.

"ரஷ்யா நாசமாப் போகட்டும். இது தில்லைநாதன்ரை கொடி!"

கிழவர் ஏறினார். மேலே காற்றாடி கிறீச்சிட்டுச் சுழன்றது.

கீழே செல்வரட்ணத்தின் கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். வேலியடியில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"விதானையார்... என்ரை சைக்கிள்?"

"அது என்னட்டையே நிக்கட்டும். நீ போற இடத்துக்கு மிதிக்கத் தேவையில்லை!"